தேர்தல், பட்ஜெட், வட்டி விகிதம், உங்கள் பங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தைக்குப் புதிதாக வந்தவர்களும் சரி, பத்து வருடமாக இருப்பவர்களும் சரி, அரசியலையும் பொருளாதாரக் கொள்கையையும் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கருத்து ஓடுகிறது: ஆட்சியில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எடுக்கும் முடிவு நீங்கள் வைத்திருக்கும் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்க்கப் பழகுவதுதான் முதலீட்டாளருக்கு உதவும்.

தேர்தல் வருது. இப்பவே வாங்கலாமா, ரிசல்ட் வந்தப்புறம் வாங்கலாமா?

இரண்டு தேர்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் வாஜ்பாய் அரசு தோற்று, இடதுசாரிகள் ஆதரவோடு காங்கிரஸ் கூட்டணி வரப்போகிறது என்றானதும், மே 17 அன்று சென்செக்ஸ் 11 சதவீதத்துக்கு மேல் சரிந்து 4,505-இல் முடிந்தது. நடுவில் இரண்டு முறை வர்த்தகத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அன்று பயந்து விற்றவர்கள், அதே வருடம் டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 6,600-இல் நிற்பதை வெளியிலிருந்து பார்த்தார்கள். 2009-இல் நேர்மாறாக நடந்தது. முடிவு தெரிந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு மே 18 அன்று வாங்க வழியே இல்லை. சந்தை திறந்த சில நொடிகளில் மேல் சர்க்யூட் (வர்த்தகத்தை நிறுத்தும் உயர்வு வரம்பு) அடித்து நின்றது. மறுபடி திறந்ததும் மறுபடி அடித்து அன்றைய வர்த்தகமே முடிந்தது. உயர்வு 17 சதவீதம்.

கையில் மொத்தப் பணம் இருந்தால் அதைப் பாகம் பிரியுங்கள். உதாரணமாக 6 லட்சம் இருந்தால் மாதம் ஒரு லட்சமாக ஆறு மாதம், தேர்தல் தேதி நடுவில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். முடிவு எப்படிப் போனாலும் பாதிப் பணம் உள்ளே இருக்கும், பாதி வெளியே இருக்கும். எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போடும் முறை) ஓடிக்கொண்டிருந்தால் எதையும் தொட வேண்டாம். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் (கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு, வீட்டு முன்பணம்) தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்கில் இருக்கக் கூடாது.

எந்தக் கட்சி வந்தா மார்க்கெட் நல்லா போகும்?

கட்சியை வைத்து விடை சொல்ல முடியாது. 1991-இல் தாராளமயத்தைத் தொடங்கியது நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு. 2003 ஏப்ரலில் 3,000-ஐ ஒட்டி இருந்த சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி, 2004-இல் சந்தை பார்த்துப் பயந்த அதே ஆட்சியில்தான் நடந்தது. ஜி.எஸ்.டி. யோசனை 2006 பட்ஜெட்டில் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1. நடுவில் ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை.

சந்தைக்குப் பிடிக்காதது நிச்சயமின்மை. 1997 பிப்ரவரி 28 அன்று, அப்போது தமிழ் மாநில காங்கிரஸில் இருந்த ப. சிதம்பரம், தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-இலிருந்து 30 சதவீதமாகக் குறைத்த பட்ஜெட்டைக் கொடுத்தார். சந்தை கொண்டாடியது. ஒரே மாதத்தில், மார்ச் கடைசியில், காங்கிரஸ் ஆதரவை வாபஸ் வாங்கியதும் சரிந்தது. இரண்டு நாளுக்கும் நடுவில் எந்தக் கம்பெனியின் தொழிலும் மாறிவிடவில்லை.

எக்ஸிட் போல் பார்த்து ஆப்ஷன் வாங்கினா ஒரே நாள்ல சம்பாதிக்கலாம்னு சொல்றாங்களே?

2024 ஜூன் மாதத்தின் மூன்று நாட்களைக் கவனமாகப் பாருங்கள். எக்ஸிட் போல்கள் பெரிய வெற்றி என்று சொன்னதும், ஜூன் 3 திங்கள் அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,468-இல் முடிந்தது. ஜூன் 4 அன்று பாஜகவுக்கு 240 இடம்தான், தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் 4,389 புள்ளி விழுந்து 72,079. ஜூன் 7 அன்று 76,693, அதாவது புதிய உச்சம். முதல் நாள் ஏற்றத்தை நம்பி கால் (விலை ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன்) வாங்கியவர், மறுநாள் பயந்து அதை விற்றுவிட்டு புட் (விலை இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்) வாங்கியவர் என்றால், இரண்டு பக்கமும் அடி வாங்கியிருப்பார்.

திசையைச் சரியாகச் சொன்னாலும் ஆப்ஷன் வாங்கியவருக்கு நட்டம் வரக் காரணம் பிரீமியத்துக்குள் (ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலைக்குள்) இருக்கும் பதற்றத்தின் விலை. இந்தியா விக்ஸ் என்ற குறியீடு அதைத்தான் அளக்கிறது. ஜூன் 4 அன்று 26-ஐத் தாண்டி முடிந்த விக்ஸ், மறுநாள் 19-க்குக் கீழே வந்துவிட்டது. ஜூன் 4 மாலை கால் வாங்கியிருந்தால் ஜூன் 5 அன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியும் லாபத்தில் ஒரு பங்கை இந்த விக்ஸ் சரிவு தின்றிருக்கும். புட் வாங்கியிருந்தால் விலையும் எதிராக, விக்ஸும் எதிராக.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கணக்குப்படி 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று வருடங்களில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2024 நவம்பரில் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக செபி உயர்த்தியது இதனால்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைத் தேர்தல் வார ஆப்ஷனில் போடாதீர்கள் என்று எங்களால் முடிந்த அளவு சத்தமாகச் சொல்கிறோம்.

ஸ்டாப் லாஸ் போட்டு வெச்சிருந்தேன். அப்படியும் விக்கலையே, ஏன்?

ஸ்டாப் லாஸ் ஆர்டரில் இரண்டு விலை உண்டு. ஒன்று தூண்டும் விலை, இன்னொன்று விற்கச் சம்மதிக்கும் குறைந்தபட்ச விலை. 95-இல் தூண்டு, 94.50-க்குக் குறையாமல் விற்றுக்கொடு என்று போட்டிருக்கிறீர்கள். முடிவு வரும் நாளில் பங்கு நேராக 88-இல் திறக்கிறது. ஆர்டர் தூண்டப்படும், ஆனால் 94.50 கொடுக்க யாரும் இல்லாததால் அப்படியே தொங்கும். அதற்குள் விலை 84-க்குப் போயிருக்கும். பெரிய நிகழ்வுக்கு முந்தின நாளே, இந்த இரண்டு விலைக்கும் நடுவிலான இடைவெளியை 5 முதல் 8 சதவீதம் வரை அகலமாக வையுங்கள்; இல்லையென்றால் பங்கின் எண்ணிக்கையை முதலிலேயே குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழிதான் எங்களுக்குப் பிடித்தது.

எஃப் அண்ட் ஓ-வில் இல்லாத பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என்று தினசரி வரம்பு உண்டு. கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்பவர் வரிசை மட்டும் நீளும், வாங்குபவர் பக்கம் சுழியம் நிற்கும். சின்னப் பங்குகளில் ஸ்டாப் லாஸை நம்பி அதிகம் போடுவது இதனால் ஆபத்து.

மார்க்கெட் ரொம்ப விழுந்தா மூடிடுவாங்களாமே?

சென்செக்ஸோ நிஃப்டியோ 10 சதவீதம் நகர்ந்தால் முதல் நிறுத்தம். அது மதியம் 1 மணிக்கு முன் நடந்தால் 45 நிமிடம், 1 முதல் 2.30 வரை நடந்தால் 15 நிமிடம், 2.30-க்குப் பிறகு நிறுத்தம் இல்லை. 15 சதவீதத்தில் இன்னும் நீளமான நிறுத்தம். 20 சதவீதம் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். 2020 மார்ச் 23 அன்று, ஊரடங்குப் பயத்தில், 10 சதவீத நிறுத்தம் முடிந்து திறந்த பிறகும் சரிவு தொடர்ந்து, சென்செக்ஸ் 13 சதவீதம் இறங்கி 25,981-இல் முடிந்தது.

இதில் உண்மையாக மாட்டிக்கொள்பவர்கள் கடனுக்குப் பங்கு வாங்கியவர்கள். எம்.டி.எஃப். வசதியில் (புரோக்கர் கடன் கொடுத்துப் பங்கு வாங்க உதவும் ஏற்பாடு) கால் பங்கு பணம் போட்டு முழுப் பங்கை வாங்கியிருந்தால், விலை விழும்போது புரோக்கர் கூடுதல் மார்ஜின் (ஈட்டுப் பணம்) கேட்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் அவரே விற்றுவிடுவார், அதுவும் அன்றைய மோசமான விலையில். தேர்தல், பட்ஜெட் வாரங்களுக்கு முன் எம்.டி.எஃப். நிலுவையை அடைத்துவிடுங்கள்.

பட்ஜெட் அன்னைக்கு டிவில பத்து பேர் பேசறாங்க. நான் எதைப் பார்க்கணும்?

உரையைவிட 'பட்ஜெட் ஒரே பார்வையில்' என்ற சின்ன ஆவணம் முக்கியம். நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில், உரை முடிந்ததும் ஏறிவிடும். அதில் மூன்று எண்கள் போதும். முதலாவது நிதிப் பற்றாக்குறை, ஜி.டி.பி.யில் எத்தனை சதவீதம் என்று. கொரோனா வருடமான 2020-21-இல் 9.2 சதவீதமாக இருந்தது, 2025-26 பட்ஜெட்டில் 4.4 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். இரண்டாவது மூலதனச் செலவு. அதே பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. ரயில்வே, சாலை, ராணுவத் தளவாடக் கம்பெனிகளின் ஆர்டர் புத்தகம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் இருக்கிறது. மூன்றாவது சந்தைக் கடன்; 14.82 லட்சம் கோடி. அரசு அதிகமாகக் கடன் வாங்கினால் பத்திர வட்டி ஏறும், கம்பெனிகளுக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தச் சூடு படும்.

பிறகு, அறிவித்த தொகையைப் போன வருடத்தின் 'திருத்திய மதிப்பீட்டோடு' ஒப்பிடுங்கள். அரசு ஒதுக்கியது வேறு, செலவழித்தது வேறு. ஒரு துறைக்குப் போன வருடம் ஒதுக்கியதில் பெரும்பகுதி செலவாகவே இல்லை என்றால், இந்த வருட அறிவிப்பை வைத்து அந்தத் துறைப் பங்கை அன்றே ஓடிப்போய் வாங்குவதில் அர்த்தமில்லை.

பெரிய முடிவுகள் பட்ஜெட்டுக்கு வெளியேதான் அதிகம் வருகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைத்தது 2019 செப்டம்பர் 20, ஒரு வெள்ளிக்கிழமை காலையில். சென்செக்ஸ் அன்று 1,921 புள்ளி ஏறியது. ஜி.எஸ்.டி.யை 5, 18 என்று பெரும்பாலும் இரண்டு விகிதமாகச் சுருக்கி, சின்னக் கார்களை 28-இலிருந்து 18-க்குக் கொண்டுவந்தது 2025 செப்டம்பர் 22 முதல்.

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சா பேங்க் ஷேர் ஏறணும்தானே?

உடனே ஏறும் என்று சொல்ல முடியாது. 2019 அக்டோபர் முதல், புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வங்கிகள் வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போதான், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. ரெப்போ குறைந்தால் மூன்று மாதத்துக்குள் கடன் வட்டி குறைந்தாக வேண்டும். ஆனால் வங்கி ஏற்கெனவே இரண்டு வருடத்துக்கு 7.25 சதவீதம் தருவதாக வாங்கிய டெபாசிட்டின் வட்டி அது முதிரும்வரை குறையாது. வரவு உடனே குறைகிறது, செலவு மெதுவாகக் குறைகிறது. அந்த இடைப்பட்ட காலாண்டுகளில் வங்கியின் நிகர வட்டி வரம்பு (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி) சுருங்கும். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.5-இலிருந்து 5.5-க்கு இறங்கியபோது நடந்தது இதுதான். நிலையான வட்டியில் வாகனக் கடன் கொடுக்கும் என்.பி.எஃப்.சி.களுக்கு (வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு) கதை வேறு: அவர்கள் வாங்கும் கடன் மலிவாகும், கொடுத்த கடனின் வட்டி அப்படியே நிற்கும்.

வட்டி முடிவை எடுப்பது ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு. பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீதம் தளர்வு. கூட்டத் தேதிகள் முன்கூட்டியே தெரியும். எதிர்பார்த்த குறைப்பு விலையில் ஏற்கெனவே இருக்கும். சந்தை நகர்வது எதிர்பாராததற்குத்தான். 2022 மே 4 அன்று, கூட்டமே இல்லாத நாளில், 0.40 சதவீதம் உயர்த்தினார்கள். சென்செக்ஸ் 1,300 புள்ளிக்கு மேல் விழுந்தது.

ஜிடிபி 7, 8 சதவீதம் வளருதுங்கறாங்க. நிஃப்டி மட்டும் ஏன் நின்ன இடத்துலயே நிக்குது?

2024 செப்டம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தொட நிஃப்டிக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் வந்த காலாண்டு வளர்ச்சி எண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. ஜி.டி.பி. என்பது நாட்டின் மொத்த உற்பத்தி. நிஃப்டி என்பது 50 கம்பெனிகளின் லாபத்துக்கு மக்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. உழவு, சிறுதொழில், அரசுச் செலவு எல்லாம் முதலாவதில் பெரிதாக இருக்கும், இரண்டாவதில் நேரடியாக இருக்காது. லாபம் 8 சதவீதம் வளரும்போது விலை ஏற்கெனவே 20 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்து ஏறியிருந்தால், லாபம் வந்து சேரும்வரை விலை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதைவிடக் கடுமையான உதாரணங்கள் உண்டு. ஷாங்காய் குறியீடு 2007 அக்டோபரில் 6,100-ஐத் தாண்டியது. அதன் பிறகு சீனப் பொருளாதாரம் டாலர் கணக்கில் ஐந்து மடங்கு பெருகியும் 2025 முடியும்வரை அந்த உயரத்தை அது பார்க்கவில்லை. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். நாடு வளரும் என்பது சரியான நம்பிக்கையாக இருக்கலாம்; அதற்கு எந்த விலை கொடுத்தீர்கள் என்பது தனிக் கேள்வி.

நிஃப்டி பி.இ. (லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்ற எண்) படத்தைப் பார்த்து விலை மலிவா என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 மார்ச் இறுதிவரை என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) தாய் கம்பெனியின் தனி லாபத்தை வைத்துக் கணக்கிட்டது. பிறகு துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியது. 40-ஐ ஒட்டி இருந்த எண் ஒரே நாளில் 33 அருகே வந்தது. அதற்கு முந்தைய சராசரியோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு "மலிவு" என்று சொல்லும் படங்கள் இன்னும் சுற்றுகின்றன.

எஃப்.ஐ.ஐ. தினமும் ஆயிரக்கணக்கான கோடிக்கு விக்கறாங்க. நாமளும் வித்துடணுமா?

எஃப்.ஐ.ஐ. என்பது வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள். முதலில் எந்த எண் என்று பாருங்கள். மாலையில் சந்தைகள் வெளியிடும் எண் பழைய பங்குகளை வாங்கி விற்றது. பங்குகளை மின்னணு வடிவில் பதிவு வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். நிறுவனத்தின் எண்ணில் ஐ.பி.ஓ.வில் (கம்பெனியின் முதல் பங்கு வெளியீட்டில்) வாங்கியதும் சேரும். 2024 அக்டோபரில் சந்தை எண் 1.1 லட்சம் கோடிக்கு மேல் விற்பனை என்றது, என்.எஸ்.டி.எல். கணக்கில் 94,000 கோடி அளவு. அதே மாதம்தான் 27,870 கோடிக்கு ஹூண்டாய் ஐ.பி.ஓ. வந்தது. ஒரு கையால் விற்று இன்னொரு கையால் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் விற்கும் காரணம் உங்களுக்குப் பொருந்துமா என்பது அடுத்தது. அமெரிக்கப் பத்திர வட்டி ஏறினாலோ, ரூபாய் இறங்கினாலோ அவர்களின் டாலர் கணக்கில் லாபம் கரையும். உங்கள் வரவும் செலவும் ரூபாயில். அதே அக்டோபரில் எஸ்.ஐ.பி. வழியாக வந்த பணம் முதன்முறையாக மாதம் 25,000 கோடியைத் தாண்டியது. விற்கிறவர் எதிரே வாங்குகிறவர் இருக்கிறார். கம்பெனியின் லாபம் கெட்டிருந்தால் விற்கலாம். விற்றவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து விற்க வேண்டாம்.

அரசாங்கக் கம்பெனி ஷேர் பாதுகாப்புதானே? அரசு விட்டுடுமா?

கம்பெனி மூழ்காமல் அரசு பார்த்துக்கொள்ளும். சிறு பங்குதாரரின் லாபத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. எண்ணெய் விற்பனைக் கம்பெனிகளைப் பாருங்கள். பெட்ரோல், டீசல் விலையை அவர்களே தினமும் நிர்ணயிக்கலாம் என்பதுதான் விதி. ஆனால் 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை, உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, பங்க் விலையைக் கம்பெனிகள் அசைக்கவில்லை. அந்த இடைவெளியில் உக்ரைன் போர் தொடங்கி கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்து ஏப்ரலிலிருந்து மறுபடி உறைந்தது. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் எச்.பி.சி.எல். மட்டும் 10,000 கோடிக்கு மேல் நட்டம் காட்டியது. கச்சா இறங்கிய பிறகு அதே உறைந்த விலையில் நல்ல லாபமும் வந்தது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன், லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள்.

ஆகவே இந்தப் பங்குகளை வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: விற்பனை விலையை உண்மையில் முடிவு செய்வது யார், டிவிடெண்ட் எவ்வளவு, அரசு தன் பங்கை ஓ.எஃப்.எஸ். (பெரிய பங்குதாரர் சந்தை வழியாக விற்கும் முறை) மூலம் தள்ளுபடியில் விற்கும் வாய்ப்பு உண்டா. தனியார்மயம் என்ற செய்தியை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பி.பி.சி.எல். விற்பனையை 2022 மே மாதம் கைவிட்டார்கள்.

திடீர்னு வரி போட்டு ஷேரை அடிச்சுடறாங்க. எந்தத் துறையில இந்த ஆபத்து அதிகம்?

திடீர் லாபம் கொழிக்கும் இடத்திலும், பொதுமக்களுக்கு விலை உறைக்கும் இடத்திலும். 2022 மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது. மறுநாள் வர்த்தகத்திலேயே பெரிய எஃகுப் பங்குகள் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. நவம்பரில் வரியை எடுத்துவிட்டார்கள். 2022 ஜூலை 1 அன்று உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் வரி, ஓ.என்.ஜி.சி. ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கியது. அது முழுதாக நீங்கியது 2024 டிசம்பரில். ஆன்லைன் சூதாட்ட விளையாட்டுகளுக்கு 2023-இல் 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 ஆகஸ்டில் பண விளையாட்டுக்கே தடைச் சட்டம்.

சர்க்கரை, உரம், விலைக் கட்டுப்பாடு உள்ள மருந்து, மது, புகையிலை, தங்கம் எல்லாம் இதே பட்டியல். இவற்றை வாங்கவே கூடாது என்பதல்ல. ஒரே கொள்கை முடிவு அடிக்கக்கூடிய பங்குகள் எல்லாம் சேர்ந்து மொத்த முதலீட்டில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அறிவிப்பு வெளியான பிறகு விற்க நினைத்தால் மேலே ஸ்டாப் லாஸ் கேள்வியில் சொன்ன கதைதான்.

மாநில அரசு மாறினா ஷேருக்கு என்ன வந்தது?

மின்சாரம், மது, நிலம் மூன்றும் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். 2019-இல் ஆந்திராவில் புதிய அரசு வந்ததும், பழைய அரசு போட்ட காற்றாலை, சூரிய மின் கொள்முதல் ஒப்பந்தங்களின் விலையை மறுபடி பேச குழு போட்டது. கையெழுத்தான ஒப்பந்தம், அதனால் வருமானம் உறுதி என்று நினைத்தவர்களுக்கு அது பாடம். 2025 ஜூனில் மகாராஷ்டிரா மதுவுக்கான கலால் வரியை உயர்த்தியதும் மதுக் கம்பெனிப் பங்குகள் இறங்கின. மின் உற்பத்திக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் 'வர வேண்டிய தொகை' குறிப்பைத் திறந்து, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். மாநில மின் வாரியங்களின் நிலைமை அங்கே தெரியும்.

தலைவரோட குடும்பக் கம்பெனி, ஆட்சிக்கு வந்தா பறக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

சந்திரபாபு நாயுடு தொடங்கிய ஹெரிடேஜ் ஃபுட்ஸ் 2024 ஜூனில், தெலுங்கு தேசம் வென்றதும், ஒரே வாரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அது பால், தயிர் விற்கும் கம்பெனி. பால் கொள்முதல் விலையும் விற்பனை அளவும்தான் அதன் லாபத்தை முடிவு செய்யும். தேர்தல் முடிவால் அன்று ஒரு லிட்டர் பால்கூடக் கூடுதலாக விற்கவில்லை. பின்னால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்தது. மேல் சர்க்யூட்டில் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்குக் கிடைத்தது கடைசி நாள் விலை. ஆட்சி நெருக்கத்தால் ஏறும் பங்கு ஆட்சி மாறும்போது அதே வேகத்தில் இறங்கும்.

அமெரிக்கா வரி போட்டா திருப்பூர் கம்பெனி ஷேரெல்லாம் அவ்வளவுதானா?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பின்னலாடை, இறால், நகை மூன்றும் நேரடியாக அடிபட்டன. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஆண்டறிக்கையில் 'பிரிவுவாரித் தகவல்' குறிப்பில் நாடு வாரியாக வருமானம் இருக்கும். அமெரிக்காவின் பங்கு 70 சதவீதமா 15 சதவீதமா என்று பாருங்கள். அடுத்து வாங்குபவர் எண்ணிக்கை: ஒரே கடைத்தொடர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் அதையும் சொல்லியிருப்பார்கள். கடைசியாக, வரியை யார் சுமக்கிறார்கள் என்று காலாண்டு முடிவுக்குப் பிந்தைய உரையாடல் பதிவில் தேடுங்கள். விற்பனை குறையாமல் லாப விகிதம் மட்டும் சரிந்தால், கம்பெனிதான் தள்ளுபடி கொடுத்துச் சுமக்கிறது.

12 லட்சம் வரை வரி இல்லைன்னு சொன்னாங்களே. ஷேர் லாபத்துக்கும் இல்லைதானே?

இது தவறான புரிதல், நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 2025 பட்ஜெட் தந்த 12 லட்சம் சலுகை, வரித் தள்ளுபடி. பங்கு லாபம் தனி விகிதத்தில் வரி கட்டும் வருமானம் என்பதால் அந்தத் தள்ளுபடி அதற்குக் கிடையாது. கழிவு போக சம்பளம் 8 லட்சம், குறுகிய கால லாபம் 1 லட்சம் என்றால், சம்பளத்துக்கு வரி பூஜ்யம்; லாபத்துக்கு 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 20,800 ரூபாய் கட்ட வேண்டும். வேறு வருமானமே இல்லாத, இந்தியாவில் வசிக்கும் இல்லத்தரசிக்கு அடிப்படை விலக்கான 4 லட்சம் வரை இந்த லாபத்தையும் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள். 2 லட்சம் நீண்ட கால லாபம் என்றால் 75,000-க்கு 9,375, செஸ் சேர்த்து 9,750. இந்த விலக்கை வருடா வருடம் பயன்படுத்த மார்ச் 31-க்குள் விற்றுத் திரும்ப வாங்கலாம். அதே நாளில் விற்று அதே பங்கை வாங்காதீர்கள். அது இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தகம்) கணக்கில் போய்விடும், டீமேட்டிலிருந்து (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கிலிருந்து) பங்கு வெளியேறவே வெளியேறாது. ஒரு நாள் விட்டு வாங்குங்கள். ஒரு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

எஃப் அண்ட் ஓ-ல நட்டம். அதை ஷேர் லாபத்துல கழிக்கலாமா?

அதே வருடத்தில் கழிக்கலாம். எஃப் அண்ட் ஓ தொழில் வருமானம். அதன் நட்டத்தைச் சம்பளம் தவிர்த்த மற்ற வருமானத்தில் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மீதி நட்டத்தை 8 வருடம் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அப்போது தொழில் லாபத்தில் மட்டும்தான் கழியும். தலைகீழாக முடியாது: பங்கு விற்ற மூலதன நட்டத்தை எஃப் அண்ட் ஓ லாபத்தில் கழிக்க இயலாது. குறுகிய கால மூலதன நட்டம் இரண்டு வகை மூலதன லாபத்திலும் கழியும். நீண்ட கால நட்டம் நீண்ட கால லாபத்தில் மட்டும். இன்ட்ராடே நட்டம் ஊக வணிகம், 4 வருடம், இன்ட்ராடே லாபத்தில் மட்டும். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் இந்த நட்டங்களை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் உரிமை போய்விடும். எஃப் அண்ட் ஓ செய்தவர் வருமான வரி ரிட்டர்னில் ஐ.டி.ஆர்.-3 படிவம் போட வேண்டும், ஐ.டி.ஆர்.-2 செல்லாது.

'பட்ஜெட் ஸ்டாக்ஸ்'னு டெலிகிராம்ல ஒருத்தர் சொன்னதைக் கேட்டுப் பணம் போச்சு. யார்கிட்ட புகார் பண்றது?

முதலில் அவர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி தளத்தில் ஆலோசகர், ஆய்வாளர் பட்டியல்களில் பதிவு எண்ணைத் தேடுங்கள். 'கல்விக்காக மட்டும்' என்று போட்டுக்கொண்டு இன்றைய விலையைக் காட்டி வாங்கச் சொன்னால், அதுவே விதிமீறல். 2025 ஜனவரி சுற்றறிக்கைப்படி, பாடம் நடத்துபவர் மூன்று மாதம் பழைய விலைகளைத்தான் பயன்படுத்தலாம்.

பதிவு பெற்றவர் அல்லது புரோக்கர் என்றால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார். சரியாகாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளம். அவர்கள் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். (இணையவழித் தகராறு தீர்வுத் தளம்) வழியாக சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. பதிவு பெறாத ஆளுக்கு ஸ்கோர்ஸ் உதவாது. பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். குழுவின் பெயர், செய்திகளின் திரைப்பிடிப்பு, பரிவர்த்தனை எண் மூன்றையும் குழுவிலிருந்து வெளியேறும் முன்பே எடுத்து வையுங்கள், வெளியேறிய பிறகு பழைய செய்திகள் கிடைக்காமல் போகலாம்.